மறதியிலும் மறவா நாள்

1806ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இலண்டன் மாநகரில் முதிய போதகர் ஒருவர் உரைமேடை ஏறினார். எண்பத்தோராண்டு நிறைந்தவர். முந்தைய ஆண்டு நிகழ்ந்த டிரபால்கர்க் கடற்போரால் துயருற்றோர்க்குப் பொருள் திரட்டும் பொருட்டு நடந்த வழிபாடு அது. அவருக்குக் கண்ணொளி குன்றியிருந்தது; செவிப்புலனும் தளர்ந்திருந்தது. உரையின் இடையே அவர் நின்றுவிட்டார். தாம் எதைக் குறித்துப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு நினைவில் இல்லை. பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பின் அவர் உரைமேடை ஏறவில்லை.

அவர்தாம் ஜான் நியூட்டன். கவிஞர் பலர்க்கு அவர் பெயரைவிட அவர் இயற்றிய அமேசிங் கிரேஸ் என்னும் பாடலே நன்கு அறிமுகமாகியிருக்கும். அடிமை வாணிகத்தில் ஈடுபட்ட கப்பல் தலைவர் ஒருவர் மனம் திரும்பிப் போதகரானார் என்னும் அளவில் அவர் கதை சுருக்கிச் சொல்லப்படுவதுண்டு. அச்சுருக்கம் பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. நினைவுகூர்தலையே தம் சமயவாழ்வின் அடித்தளமாகக் கொண்டிருந்த ஒருவர், அந்த நினைவே கரைந்துபோனபோது எதைப் பற்றிக்கொண்டு நின்றார் என்பது அவர் வாழ்வில் ஊன்றிக் காணத்தக்க பகுதி. நினைவு கூர்மையாக இருந்த காலத்தில் அவர் எதை மறந்திருந்தார் என்பது அதனினும் ஊன்றிக் காணத்தக்கது.

தாய் தந்த செல்வம்

நியூட்டன் 1725ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தேம்சு ஆற்றங்கரையை ஒட்டிய வாப்பிங் பகுதியில் பிறந்தார். தந்தை மத்தியதரைக் கடலில் வாணிகக் கப்பல் செலுத்தியவர், கண்டிப்பு மிக்கவர், ஆண்டின் பெரும்பகுதியைக் கடலிலேயே கழித்தவர். தாய் எலிசபெத்து உடல் நலிந்தவர். இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராத தனிச்சபையொன்றில் வழிபட்டவர். நான்கு வயதிற்குள் மகனுக்கு எழுத்தறிவித்தார். திருமறைப் பகுதிகளையும், ஞானோபதேச வினாவிடையையும், ஐசக் வாட்சு குழந்தைகளுக்கென இயற்றிய பாடல்களையும் அவன் நெஞ்சில் பதித்தார். மகன் ஒருநாள் இறைப்பணி ஆற்ற வேண்டும் என்பது அவர் விழைவு. 1732இல், மகனின் ஏழாம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கையில், காசநோய் அவரைக் கொண்டுசென்றது.

மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கும் காலம் இது. பொருள் உணராத வயதில் பாட்டை நெஞ்சில் ஏற்றுவதால் என்ன பயன் என்று கேட்போர் உளர். அந்தத் தாய் விதைத்தது முளைப்பதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின. எல்லாம் வாடிய பின்னரும் எழுபத்தைந்து ஆண்டுகள் அது பட்டுப்போகாமல் நின்றது என்பதை மட்டும் இங்குக் குறித்துவைக்கலாம்.

கடலும் கரையும்

பதினோராம் வயதில் தந்தையுடன் கடலேறினார். 1742இல் கெண்டு மாவட்டத்துச் சாத்தம் நகரில் தாய்வழி உறவான கேட்லெட்டு குடும்பத்தைக் காணச் சென்றவர், அவ்வீட்டு மகள் மேரியிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அப்பெண்ணுக்கு வயது பதினான்கும் நிரம்பவில்லை. பின்னாளில் அவர் செய்த தவறுகளில் சில அவளை விட்டுப் பிரிய மனமின்மையால் நேர்ந்தவை. 1744இல் கடற்படைக்கு ஆள் பிடிக்கும் கூட்டத்தார் அவரைப் பிடித்து ஹார்விச் என்னும் போர்க்கப்பலில் ஏற்றினர். கப்பல் கீழைக் கடல்களுக்கு நெடும்பயணம் புறப்பட இருந்தது. அவர் தப்பியோடினார், பிடிபட்டார், கசையடி பெற்றார், கடைநிலை மாலுமியாகத் தாழ்த்தப்பட்டார். 1745இல் மதீராத் தீவருகே அவரை ஆப்பிரிக்கா செல்லும் வாணிகக் கப்பலுக்கு மாற்றி அனுப்பினர். அம்மாற்றம் நிகழாதிருந்தால் நியூட்டன் இந்தியக் கடற்கரைக்கே வந்து சேர்ந்திருக்கக் கூடும்.

சியரா லியோன் கடற்கரையை அடுத்த தீவுகளில் அடிமை வாணிகன் ஒருவனிடம் அவர் பணிக்கு அமர்ந்தார். நோயுற்றுக் கிடந்தபோது அவ்வாணிகனின் துணைவியார் அவரைப் பட்டினியிட்டு இழிவாக நடத்தினார். இரவில் கிழங்குகளைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்று உயிர் காத்தார். அந்நாளில் அவர் எழுதிவைத்த செய்திகளுள் இரண்டு நெஞ்சைவிட்டு அகலாதவை. ஒன்று, கையிலிருந்த யூக்ளிடின் வடிவக் கணித நூலைக் கொண்டு, கடற்கரை மணலில் குச்சியால் உருவங்களை வரைந்து வரைந்து அந்நூலின் முதல் ஆறு பகுதிகளைக் கற்றது. மற்றொன்று, விலங்கிடப்பட்டிருந்த அடிமைகள் தங்கள் சிற்றுணவில் ஒரு பங்கை யாருமறியாமல் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தது. உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோர் என்பது நாம் அறிந்த அறம். அந்த உயிர்க்கொடையை அவர் பெற்றார்; பெற்றதை எழுதியும் வைத்தார்; ஆயினும் அடுத்த பத்தாண்டுகள் அக்கொடையாளரின் இனத்தையே விலைபேசி வாங்கினார்.

புயல்

தந்தையின் வேண்டுகோளின்படி அவரைத் தேடிவந்த கிரேஹவுண்டு என்னும் கப்பலில் 1748இல் அவர் தாயகம் திரும்பினார். கப்பலில் தேன்மெழுகும் சாயமரமும் தந்தமும் பொன்னும் இருந்தன. தெய்வநிந்தனையில் முதிர்ந்த மாலுமிகளே அஞ்சும் அளவிற்கு அவர் நா அந்நாளில் கொடியதாயிருந்தது. வட அட்லாண்டிக்கில் ஓர் இரவு கடல் பொங்கிக் கப்பலின் மேற்பகுதியைப் பிளந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து மேல்தளம் நோக்கி ஏறியவரைக் கப்பல் தலைவர் கத்தியொன்று எடுத்துவரப் பணித்தார். அவர் திரும்பிய அந்த நொடியில் அவருக்குப் பதிலாக ஏறிய மற்றொருவரை அலை அடித்துச் சென்றது. அதிகாலை மூன்று மணியிலிருந்து நண்பகல்வரை நீர் இறைத்தார். இனி இயலாது என்று வீழ்ந்தவர், சற்று ஓய்ந்தபின் நள்ளிரவுவரை சுக்கான் பிடித்தார். அப்பொழுதுதான் தாய் கற்பித்த வசனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆண்டவர் இரங்கட்டும் என்னும் பொருளில் தம் வாயிலிருந்து தற்செயலாக வந்த சொல்லே தம்மைத் திடுக்கிடச் செய்ததாகப் பின்னர் எழுதுகிறார்.

நீரினும் எடை குறைந்த மெழுகும் மரமும் கப்பலை மிதக்க வைத்தன. நான்கு வாரங்களுக்குப்பின், இருந்த உணவின் கடைசிப் பகுதி அடுப்பில் வெந்துகொண்டிருக்கையில், அயர்லாந்தின் கரையை அடைந்தனர்.

அப்புயல் நிகழ்ந்தது பழைய நாட்காட்டியின்படி மார்ச்சு 10. 1752இல் இங்கிலாந்து தன் நாட்காட்டியைத் திருத்திப் பதினொரு நாட்களைக் கழித்தபோது அது மார்ச்சு 21 ஆயிற்று. நியூட்டனும் கணக்கை மாற்றிக்கொண்டார், நாளை விடவில்லை. ஒவ்வோராண்டும் அந்நாளை வேண்டுதலிலும் தன்னாய்விலும் கழித்து நாட்குறிப்பில் பதிந்தார். ஒருவகையில் அது அவருக்குத் தாமே வகுத்துக்கொண்ட திருநாள்.

எண்களாகிய மாந்தர்

மனம் திரும்பியவர் உடனே அடிமை வாணிகத்தைக் கைவிட்டார் என்று மேடைகளில் சொல்லப்படுவது பிழை. புயலுக்குப் பின்னரே அவர் அவ்வாணிகத்தில் உயர்ந்தார். 1750இல் மேரியை மணந்தார். அதே ஆண்டு டியூக் ஆஃப் ஆர்கைல் என்னும் கப்பலுக்கும், பின்னர் ஆப்பிரிக்கன் என்னும் கப்பலுக்கும் தலைவராகி 1754வரை மூன்று பயணங்கள் மேற்கொண்டார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். தம் அறையில் இலத்தீன் பயின்றார். மனைவிக்கு அன்பொழுகும் மடல்கள் வரைந்தார். கீழ்த்தளத்தில் விலங்கிடப்பட்ட மாந்தர் நெருக்கிக் கிடத்தப்பட்டிருந்தனர். அவருடைய கப்பல் குறிப்பேடு எஞ்சியுள்ளது. இறந்து கடலில் இடப்பட்டோர் அதில் பெயரின்றி எண்களாக இடம்பெறுகின்றனர். கலகம் செய்ய முனைந்ததாக ஐயுறப்பட்ட சிறுவர்களை விரல் நெரிக்கும் கருவிக்கு உட்படுத்திய செய்தியும் அதில் உண்டு. இத்தனையையும் எழுதிய கைதான் அதே நாளில் இறைவேண்டலையும் எழுதிற்று. தாம் செய்வது சிறைக்காவலன் தொழில் போன்றது என்னும் வெறுப்பு அவருக்கு இருந்தது. அது பாவம் என்னும் உணர்வு இல்லை.

1754இல் அடுத்த பயணத்திற்கு இரண்டு நாள் இருக்கையில் வலிப்புக் கண்டு உணர்விழந்தார். அதனோடு கடல்வாழ்வு முடிந்தது. அவரைக் கரையில் நிறுத்தியது மனச்சான்றன்று, உடல்நலிவே.

சுவரில் எழுதிய திருமொழி

லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்கப் பணியாளராக ஒன்பதாண்டுகள் இருந்து, கிரேக்கமும் எபிரேயமும் கற்று, 1764இல் குருப்பட்டம் பெற்றுப் பக்கிங்காம் மாவட்டத்து ஓல்னி என்னும் சிற்றூருக்குப் போதகராய்ச் சென்றார். பூத்தையல் வலை பின்னிப் பிழைக்கும் ஏழைகள் வாழ்ந்த ஊர் அது. அவ்வாண்டே அவர் தன்வரலாறு மடல்களாக வெளிவந்தது.

ஓல்னி இல்லத்தின் மேல்மாடியில் அவருடைய படிப்பறை இருந்தது. அடுப்பங்கணப்புக்கு மேல் சுவரில் இரண்டு திருமறைப் பகுதிகளை எழுதிவைத்திருந்தார். அவற்றுள் ஒன்று உபாகமம் பதினைந்தாம் அதிகாரத்தைச் சார்ந்தது. எகிப்தில் அடிமையாயிருந்ததையும் ஆண்டவர் மீட்டதையும் நினைவில் வைக்குமாறு இசுரவேலருக்குக் கட்டளையிடும் பகுதி. ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கும் கீழாய்த் தாம் கிடந்ததை மறவாதிருக்கவே அதை அவர் கண்முன் நிறுத்தினார்.

ஆனால் அப்பகுதியின் முன்பின்னை நோக்கினால் உள்ளம் துணுக்குறும். அது வெறும் நன்றியுணர்வுக்கான அறிவுரை அன்று. அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்க வேண்டும், வெறுங்கையாய் அனுப்பலாகாது, மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாய்க் கொடுத்தனுப்ப வேண்டும் என்று விதித்து, அதற்குக் காரணமாகவே அந்நினைவூட்டலைச் சொல்கிறது. தம் அடிமைநிலையை நினைத்தவர், அந்நினைவு யாரை விடுவிக்கச் சொல்கிறது என்பதைப் பல்லாண்டுகள் அச்சுவரை நோக்கியிருந்தும் வெளிப்படையாய்ப் பேசவில்லை. எழுத்தைப் பொன்போல் போற்றி, அதன் பொருளின் ஒரு பாதியைக் கண்டுகொள்ளாதிருக்கும் இயல்பு புலமையுடையோர்க்குப் புதிதன்று.

ஓல்னியில்தான் அவர் பாடலாசிரியரானார். வாரந்தோறும் கூடும் வேண்டுதல் கூட்டத்திற்கெனப் பாடல்கள் புனைந்தார். 1779இல் ஓல்னிப் பாடல்கள் என்னும் தொகுதி வெளிவந்தது. அதன் 348 பாடல்களுள் ஏறத்தாழ 280 அவருடையவை; எஞ்சியவை நண்பர் வில்லியம் கூப்பர் எழுதியவை. எளிய மாந்தர் பாடுவதற்கானவை ஆதலின் தெளிவும் எளிமையும் வேண்டும், கவிதைக்குரிய உருவகங்களும் வண்ணங்களும் அளவோடு இருத்தல் வேண்டும் என அதன் முன்னுரையில் அவர் கருதினார். அணிநலம் தேடும் கவிஞர்க்கு இது வறுமையாகத் தோன்றலாம். எட்டும் ஆறுமாக அசைகள் மாறிவரும் நாலடிச் செய்யுள் நாவில் எளிதில் ஒட்டும். நாவில் ஒட்டியது நினைவு தளர்ந்த பின்னும் எளிதில் உதிராது. நம் கும்மியும் தாலாட்டும் வாழ்வதும் இதனால் அன்றோ?

அமேசிங் கிரேஸ் 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டுக்கென எழுதப்பட்டது. முதலாம் நாளாகமம் பதினேழாம் அதிகாரமே அதற்கு அடிப்படை. தாவீது அரசன் ஆண்டவர் திருமுன் அமர்ந்து, தான் யார், தன் குடி யாது, இதுகாறும் தன்னைக் கொண்டுவந்த தயவு எத்தகையது என வியக்கும் இடம் அது. தொகுதியில் அப்பாடலுக்கு, நம்பிக்கையின் மீள்நோக்கும் எதிர்நோக்கும் எனப் பொருள்படும் தலைப்பு அமைந்துள்ளது. இன்று அதனோடு இணைந்து ஒலிக்கும் இசை 1835இல் அமெரிக்காவில் சேர்ந்தது. நியூட்டன் அதைக் கேட்டவரல்லர்.

கூப்பர்

அப்புத்தாண்டை ஒட்டித்தான் கூப்பரின் உள்ளம் சிதைந்தது. இருவரும் ஆறு வயதில் தாயை இழந்தவர்கள். நியூட்டன் முரட்டுக் கடலோடி. கூப்பர் மெல்லியல்பினர், பெருங்கவிஞர். 1773இன் தொடக்கத்தில், இறைவன் தன்னை என்றென்றைக்குமாகத் தள்ளிவிட்டான் என்னும் எண்ணம் கனவொன்றால் கூப்பரிடம் உறுதிப்பட்டது. அதன்பின் அவர் ஆலய வழிபாட்டுக்கே செல்லவில்லை. நியூட்டன் அவரைத் தம் இல்லத்தில் ஓராண்டுக்கு மேல் வைத்துப் பேணினார். வாதத்தால் அவரைத் தேற்ற இயலாதென அறிந்து, தோட்ட வேலையிலும் நடையிலும் உடனிருந்தார்.

கூப்பருக்கு நினைவாற்றல் குறையவில்லை. ஐம்பத்தெட்டாம் வயதில் தாயின் ஓவியம் கைக்கு வந்தபோது, ஆறு வயதுப் பிள்ளையாய்த் தாம் கண்ட இறுதி ஊர்வலத்தைக் கவிதையாக்கும் அளவிற்கு அது கூர்மையாக இருந்தது. ஆயினும் தாம் கைவிடப்பட்டவர் என்பதையும் அந்த நினைவு ஒருநாளும் விடவில்லை. 1799இல் அவர் எழுதிய இறுதிக் கவிதைகளுள் ஒன்று, கப்பலிலிருந்து அலையால் அடித்துச்செல்லப்பட்ட மாலுமியைப் பற்றியது. அவனைவிட ஆழமான கடலில் தாம் மூழ்குவதாக முடிவது. ஒரு புயலில் தம் இடத்தில் வேறொருவர் அடித்துச்செல்லப்பட்டதால் உயிர் பிழைத்த நண்பருக்கு அக்கவிதை எப்படிப் பட்டிருக்கும் என எண்ணிப் பார்ப்பது கடினம். 1800இல் கூப்பர் மறைந்தார். நியூட்டன் அவருக்காக நினைவுரை ஆற்றினார்.

நம்பிக்கை முழுவதும் நினைவில் நிற்பதன்று என்பதற்குக் கூப்பரே சான்று. அவர் மறந்தது ஒன்றுமில்லை, ஆறுதல்தான் இல்லை.

தாமதமான அறிக்கை

1780இல் நியூட்டன் இலண்டன் இலம்பார்டு தெருவிலுள்ள தூய மேரி உல்நாத் ஆலயத்தின் பொறுப்பேற்றார். 1785இன் இறுதியில் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்போர்சு அவரைத் தேடி மறைவாக வந்தார். அரசியலைத் துறந்து சமயப்பணிக்கு வரலாமா என்னும் கேள்விக்கு, இருக்கும் இடத்திலேயே தொண்டாற்றுமாறு நியூட்டன் அறிவுறுத்தினார். நியூட்டனின் அறிவுரையால் மனம் மாறிய மற்றோர் இளைஞர் கிளாடியசு புக்கானன். அவர் பின்னர் வங்காளத்தில் குருவாகி, 1806இல் தென்னாடு வந்து தரங்கம்பாடியையும் தஞ்சையையும் கண்டு எழுதினார். ஆசிரியர் இலண்டனில் தம் உரையின் பொருளை மறந்து நின்ற அதே ஆண்டில் மாணவர் காவிரிக்கரையில் நடந்திருக்கிறார்.

1788இல், கடலை விட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஆப்பிரிக்க அடிமை வாணிகம் குறித்த எண்ணங்கள் என்னும் சிறுநூலை நியூட்டன் வெளியிட்டார். தாம் ஒருகாலத்தில் அதில் ஈடுபட்டதை நினைக்கும்தோறும் தலைகுனிவதாகவும், இவ்வறிக்கை மிகத் தாமதமாக வருவதாகவும் ஒப்புக்கொண்டார். கப்பலின் கீழ்த்தளத்தில் மாந்தரை எவ்வாறு அடுக்குவர், விலங்குகள் எவ்வாறு பூட்டப்படும், பெண்கள் எவ்வாறு சீரழிக்கப்படுவர் என்பனவற்றை நேரில் கண்டவராய் எழுதினார். நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சான்றளித்தார். எண்களாய் எழுதப்பட்டோர் மீண்டும் மாந்தராயினர். அறுபத்து மூன்றாம் வயதில்தான் அவருடைய நினைவு நிறைவு பெற்றது எனலாம். இன்னும் சில ஆண்டுகள் கழித்தே அது தேயத் தொடங்கும்.

உதிர்தல்

1790 டிசம்பர் 15இல் மேரி புற்றுநோயால் இறந்தார். நாற்பதாண்டு இல்வாழ்க்கை. இறுதி வழிபாட்டு உரையைக் கணவரே நிகழ்த்தினார். பிள்ளைப்பேறு இல்லாத அவர்கள் மேரியின் உடன்பிறந்தாரின் மகள் பெட்சியைச் சிறுவயதிலேயே மகளாக எடுத்து வளர்த்திருந்தனர். கண்ணும் செவியும் தளர்ந்த நியூட்டனுக்குப் படித்துக் காட்டியவரும் கைப்பற்றி நடத்தியவரும் அந்தப் பெட்சியே.

1801இல் பெட்சியின் மனநலம் குலைந்தது. அவரைப் பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. எழுபத்தாறு வயது முதியவர் நாள்தோறும் குறித்த நேரத்தில் துணையொருவருடன் அம்மருத்துவமனை மதிலருகே சென்று நிற்பார். மகள் இருக்கும் சாளரத்தை நோக்குவார். கண்ணுக்கு எதுவும் புலப்படாது. வெண்ணிறக் கைக்குட்டை அசைகிறதா என உடன்வந்தவரைக் கேட்பார். அசைகிறது எனக் கேட்டபின்னரே வீடு திரும்புவார். மறுநாளும் செல்வார். நினைவிழந்தோரைக் காணச் சென்று, அவர் தம்மை அடையாளம் காண்பாரோ மாட்டாரோ என்று வாசலில் தயங்கி நிற்கும் எந்த மகனும் மகளும் இக்காட்சியை விளக்கவுரை இன்றியே உணர்வர். மறுபக்கத்தில் ஒரு துணி அசைந்தால் போதும். பெட்சி நலம் பெற்று மறுஆண்டு வீடு திரும்பினார். 1805இல் மணம் புரிந்து, கணவருடன் அவ்வீட்டிலேயே இருந்து தந்தையைப் பேணினார்.

பேசுகையில் நியூட்டனுக்குத் தொடர்ச்சி அறுந்தது. சொன்னதையே மீண்டும் சொன்னார். உரைமேடையில் அவர் பின்னே ஒருவர் நின்று குறிப்பைச் சுட்டிக்காட்டுவார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. நண்பரும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான ரிச்சர்டு செசில், உரையாற்றுவதை நிறுத்திக்கொள்ளலாமே என்று 1806இல் மென்மையாகச் சொன்னபோது, நாவில் பேச்சு இருக்கும்வரை அந்தப் பழைய ஆப்பிரிக்கத் தெய்வநிந்தனையாளன் நிறுத்தலாகுமோ என உரத்த குரலில் எதிர்வினவினார். தம் பழிப்பெயர் அவருக்கு மறக்கவில்லை. திருமறைப் பகுதி படிக்கப்படக் கேட்டபின், தாம் இருக்க வேண்டிய நிலையில் இல்லை, இருக்க விரும்பும் நிலையிலும் இல்லை, ஆயினும் முன்பு இருந்தவராகவும் இல்லை என்று சொன்னதும் இக்காலத்தில்தான்.

இருநூறாண்டுக்கு முன் மறைந்தவருக்கு இன்று நோய்ப்பெயர் சூட்டுவது முறையன்று. மூப்பும் புலன்தளர்ச்சியும் மட்டுமே காரணமாக இருந்திருக்கலாம். ஆலோய்சு ஆல்சைமர் என்னும் செர்மானிய மருத்துவர் தம் பெயரால் இன்று வழங்கும் மறதிநோயை முதன்முதலில் விளக்கியது, நியூட்டனின் இறுதி உரைக்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1906 நவம்பரில். அண்மை நிகழ்ச்சிகள் முதலில் மறைவதும், இளமையில் பதிந்தவை நெடுங்காலம் நிற்பதும், பேச்சுத் தடுமாறும்போதும் பழகிய பாட்டும் வேண்டுதலும் பலரிடம் தங்கிவிடுவதும் இன்று மருத்துவர் அறிந்தவை. பிள்ளைகளின் பெயரை மறந்த மூதாட்டி ஆலயத்தில் கீர்த்தனையின் முதலடி எழுந்ததும் உடன்பாடத் தொடங்குவதைத் திருச்சபையார் கண்டிருப்பர்.

ஆயினும் பாட்டும் மறந்துபோனால் என் செய்வது? ஆண்டவர் பெயரையே மறந்தவரின் நம்பிக்கை எங்குப் போகிறது? இக்கேள்வி எல்லாச் சமயத்தார்க்கும் உரியது. காரைக்காலம்மையார் இறைவனிடம் வேண்டிய வரங்களுள் அவனை மறவாமையும் ஒன்றாகச் சேக்கிழார் அமைக்கிறார். மறவாமை மனித முயற்சியன்று, கேட்டுப் பெற வேண்டிய வரம் என்பது அங்குப் பொருள். நியூட்டன் சார்ந்த சமயமரபு இதை இன்னும் ஒருபடி அப்பால் கொண்டுசெல்கிறது. பாலுண்ணும் பிள்ளையைத் தாய் மறந்தாலும் தாம் மறப்பதில்லை எனக் கடவுள் உரைப்பதாக ஏசாயா நூல் கூறுகிறது. அங்கே மறவாமை மனிதனின் பொறுப்பே அன்று. தாவீதின் வேண்டலிலும், புத்தாண்டுப் பாடலிலும் கொண்டுவந்தவர் ஒருவர், கொண்டுவரப்பட்டவர் மற்றொருவர். ஆயினும் இக்கோட்பாடு வீட்டிலிருந்து பேணுவோரின் இரவுகளை எளிதாக்கிவிடும் என்று சொல்வது மிகை. பெட்சியின் கைகள் செய்த பணியைக் கோட்பாடு செய்துவிடாது.

1805 மார்ச்சு 21. புயல் நிகழ்ந்து ஐம்பத்தேழு ஆண்டுகள். நியூட்டன் நாட்குறிப்பைத் திறந்தார். நன்கு எழுத இயலாத நிலையில் இருப்பதாகவும், எனினும் இந்நாளின் வருகையைத் தாழ்மையோடும் வேண்டுதலோடும் துதியோடும் கைக்கொள்ள முயல்வதாகவும் எழுதினார். நாட்குறிப்பில் அவர் எழுதிய கடைசிக் குறிப்பு அதுவே.

1807 மார்ச்சுத் திங்களில் பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நியூட்டன் மேலும் ஒன்பது திங்கள் வாழ்ந்தார். கட்டி முத்திரையிட்டு அஞ்சலுக்குக் காத்திருக்கும் பொதிபோல் தாம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். பாத் நகரப் போதகர் வில்லியம் ஜே அக்காலத்தில் அவரைக் காண வந்தார். பேச்சு அரிதாகிவிட்ட நிலையில் நியூட்டன் சொன்னவற்றுள் ஒன்றையே ஜே குறித்துச்சென்றார்: நினைவு ஏறத்தாழ முழுதும் போய்விட்டது, தாம் பெரும்பாவி என்பதும் கிறித்து பெரும் மீட்பர் என்பதும் ஆகிய இரண்டு மட்டும் நினைவிருக்கின்றன.

1807 டிசம்பர் 21இல் அவர் காலமானார். தூய மேரி உல்நாத் ஆலயத்தில் மேரியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். தம் நினைவுக்கல்லில் பொறிக்க வேண்டிய சொற்களை அவர் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். ஒருகாலத்தில் இறைமறுப்பாளனும் ஒழுக்கம் கெட்டவனும் ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனுமாக இருந்த தாம், இயேசு கிறித்துவின் இரக்கத்தால் காக்கப்பட்டு மன்னிக்கப்பட்டு, எந்த நம்பிக்கையை அழிக்க முயன்றோமோ அதையே உரைக்க அமர்த்தப்பட்டதாக அது கூறுகிறது. அடிமைகளுக்கு ஊழியனாய் இருந்த இரண்டாண்டுகளைச் சொல்லும் அக்கல், அடிமைகளை விற்ற ஆண்டுகளைச் சொல்லவில்லை. அதைச் சொல்வது 1788ஆம் ஆண்டுச் சிறுநூலே. 1893இல் இருவர் உடல்களும் இலண்டனிலிருந்து எடுக்கப்பட்டு ஓல்னியின் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டன.